பின்புலமின்மை நூல்: ஊடுருவு படங்களுக்கு உரிய கோப்பு வகை யாது என்பது பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

உலகத்தில் ஆராயப்படாமல் எஞ்சியிருக்கும் விஷயங்கள் மிகச் சில என்றும், அவற்றுள்ளும் பெரும்பாலானவை ஆராயத் தகாதவை என்றும் சான்றோர் கருதுவர். அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்கு ஒரு முழு நூலுக்குரிய சகல மரியாதைகளையும் செய்து அனுப்புவது நம்முடைய ஆராய்ச்சி உலகில் நெடுங்காலமாகப் போற்றப்பட்டுவரும் மரபாகையால், அம்மரபுக்குப் பங்கம் நேராவண்ணம் நாமும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். ஒரு கடையின் சின்னமோ, கோயிலின் கோபுரமோ, கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையாரோ, தன்னைச் சுற்றி வெள்ளைப் பெட்டி எதுவும் ஒட்டிக்கொண்டு வராமல், இணையப் பக்கத்தின் நிறம் எதுவாயினும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்போல அமர வேண்டுமானால், அந்தப் படத்தை எவ்வகைக் கோப்பாகச் சேமித்து வைக்க வேண்டும் என்பதே அப்பொருள்.

இதற்கு விடை இரண்டு வரியில் அடங்கும். அவ்விரு வரிகளை இப்போதே சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துபோகும். கட்டுரையாளனுக்குச் சால்வையும் கிடையாது, மாநாட்டு மத்தியான போஜனமும் கிடையாது. ஆகவே விடையை ஒழிபியலுக்கு ஒத்திவைத்து, அதுவரையில் வாசகர்கள் வேறெங்கும் எழுந்து போகாதபடி மற்ற விஷயங்களைப் பிரஸ்தாபிப்போம்.

ஆய்வுக் களமாகக் கிள்ளான் பள்ளத்தாக்கை வரித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில். ஆறாவது மாநாடு கூடியதும் இதே நகரத்தில், 1987இல். அந்த 1987ஆம் வருஷத்திலேதான், ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் என்னும் பட வகையை உலகத்துக்கு வெளியிட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தமில்லாத இரண்டை ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைத்துவிட்டு, சம்பந்தத்தை வாசகரே கற்பித்துக்கொள்ளும்படி மௌனமாக விலகி நிற்பது ஆராய்ச்சி நெறிகளுள் தலையாயது என்று அறிக.

இரண்டாவது காரணம், பின்புலம் என்ற ஒன்று அறவே இல்லாத வீதிகள் இங்கே இருப்பது. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸை, 2010 அக்டோபர் 27 அன்று மன்மோகன் சிங்கும் நஜிப் ரசாக்கும் லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்த பின்னர், ஜாலான் துன் சம்பந்தனில் வளைவுக்கு மேல் வளைவும் நிறத்துக்கு மேல் நிறமும் ஏறிக்கொண்டன. கேஎல் சென்ட்ரலில் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போனாலோ, அங்கே ஒரு கடையின் பெயர்ப்பலகை மறைத்தது போக மிஞ்சியிருப்பதுதான் அடுத்த கடையின் பெயர்ப்பலகை. தீபாவளி விற்பனைத் துணிக்குப் பின்னால் சென்ற வருஷத்துத் தீபாவளி விற்பனைத் துணி. அதற்கும் பின்னால் ஒரு டத்தோவின் வாழ்த்துச் சிரிப்பு. அதற்கும் பின்னால் சுவர் இருக்கலாம் என்பது அனுமானம். எந்தப் படம் எதன்மேல் போய் அமரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாத இத்தகைய பிரதேசத்திலன்றோ பின்புலமின்மையின் அருமை விளங்கும்.

ஜேபெக் இயல்

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக்கில் ஊடுருவல் இல்லை. இயல் முற்றிற்று.

பிஎம்பி, டிஃப் இயல்

இவற்றை இணையத்தில் ஏற்றுவோரை நாம் கண்டதில்லை, கண்டால் சொல்லியனுப்புவோம்.

ஜிஃப் இயல்

ஜிஃப் ஒரு துவைதி. அதன் முதற்பதிப்பில் ஊடுருவல் என்ற பேச்சே கிடையாது. 1989இல் வந்த 89ஏ என்னும் திருத்தப் பதிப்பில்தான், அதிகபட்சம் 256 நிறங்கள் கொண்ட அதன் நிறப்பட்டியலில் யாதேனும் ஒன்றைச் சுட்டி, அந்நிறம் உள்ள இடமெல்லாம் ஒன்றுமில்லாத இடம் என்று கொள்க என விதிக்கும் அதிகாரம் வழங்கப்பட்டது. ஆகவே ஜிஃபின் உலகத்தில் ஒரு புள்ளி முழுமையாக இருக்கும், அல்லது முழுமையாக இராது. பாதி இருத்தல், மங்கலாக இருத்தல், பெயரளவில் இருத்தல் ஆகிய மத்திய நிலைகளுக்கு, நம்முடைய சங்கங்களின் செயற்குழு உறுப்பினர்கள் பலர் வருஷக்கணக்கில் வகித்துவரும் நிலைகளே அவை என்றாலும், அங்கே இடமில்லை.

இதனால் விளையும் துன்பத்தைச் சற்றே விரித்துரைப்போம். வளைவான கோடு படிப்படியாகத் தெரியாமல் வழுவழுப்பாகத் தெரிய வேண்டுமென்று, கணினியானது ஓரத்துப் புள்ளிகளை எழுத்தின் நிறமும் பின்புல நிறமும் கலந்த இடைநிறத்தில் தீட்டுவது வழக்கம். வெள்ளைத் தளத்தில் அவ்வாறு தீட்டிய சிவப்பு எழுத்திலிருந்து வெள்ளையை மட்டும் இல்லாததாக்கினால், வெள்ளை போய்விடும். வெள்ளை கலந்த ஓரம் போகாது. அதைக் கருநீலப் பக்கத்தின்மேல் வைத்த மாத்திரத்தில் ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி அழுக்கு வெண்மையில் ஒரு விளிம்பு தோன்றும். செம்பிலே களிம்பு கூடவே பிறந்ததுபோல ஆன்மாவிலே ஆணவ மலம் கூடவே பிறந்தது என்பர் சைவ சித்தாந்திகள். அந்த ஆணவத்தைக் கண்ணாற் கண்டவர் இலர் என்று இதுகாறும் இருந்துவந்த குறையை ஜிஃப் தீர்த்து வைத்தது.

நேர்கோடுகளை மன்னித்து வளைவுகளைத் தண்டிக்கும் இவ்வகை, எழுத்தெல்லாம் வளைவாகிய தமிழின்மேல் வந்து கவிந்தது விதியின் விளையாட்டு. ஒருங்குறியில் 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், தொண்ணூறுகளில் வாசகரின் கணினியில் எழுத்துரு இருக்கும் என்ற நிச்சயம் கிடையாது. தளத்துக்கு ஒரு குறியீடு, குறியீட்டுக்கு ஒரு கட்சி என்றிருந்தது நிலைமை. கோலாலம்பூரில் முரசு அஞ்சலை வளர்த்த முத்து நெடுமாறன் போன்றோர் எழுத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், எழுத்துரு இல்லாத வாசகருக்கும் தலைப்பாவது தெரியட்டும் என்று, பல தளங்கள் தமிழ்த் தலைப்புகளைப் படமாகவே தீட்டி ஜிஃப்பாக ஏற்றின. 2001இல் தமிழ் இணைய மாநாடு இந்நகரத்தில் கூடிய காலத்திலும் அத்தலைப்புகள் முற்றாக மறைந்தபாடில்லை. ணகரத்தின் சுழிகளுக்குள் வெள்ளை அடைத்துக்கொண்டு, னகரமா ணகரமா என்று தீர்மானிக்க முடியாமல் அவை தவித்த தவிப்பை இலக்கண நூலார் எவரும் பதிவு செய்யவில்லை. மயங்கொலிப் பிழைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கிய பெரியோர்கள் மயங்கொளிப் பிழைக்கு ஒரு சூத்திரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

ஜிஃப் வீழ்ந்தது அழகின்மையால் அன்று, வழக்கு மிரட்டலால். அதன் சுருக்க முறைக்கு லெம்பெல், சிவ், வெல்ச் என்னும் மூவரின் முதலெழுத்துகளால் எல்இசட்டபிள்யூ என்று பெயர். அதன் காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஊரெல்லாம் ஜிஃபைப் பயன்படுத்திப் பழகிய பிற்பாடு, 1994 டிசம்பர் கடைசி வாரத்தில், ஜிஃபைக் கையாளும் மென்பொருள் செய்வோர் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 1995 ஜனவரி முதல் வாரத்திலேயே பிஎன்ஜி என்னும் மாற்று வகைக்கான வரைவு எழுதப்பட்டுவிட்டது. கோபம் வந்தால் பொறியாளர்கள் எவ்வளவு விரைவாக வேலை செய்வார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. அமெரிக்காவில் அக்காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியாயிற்று. அதற்குள் சண்டைக்குக் காரணமான பொருளே பழசாகிவிட்டது.

ஜிஃபா, கிஃபா என்னும் உச்சரிப்பு விவாதத்தில், அதை உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட்டே 2013இல் ஒரு விருது மேடையில் ஜிஃப்தான் என்று தீர்ப்புச் சொன்னார். மூலநூலாசிரியரே சொல்லிவிட்டபடியால் விவாதம் முன்னிலும் இருமடங்காகத் தொடர்கிறது.

பிஎன்ஜி இயல்

நூல் செய்வோர் இடையூறு நேராவண்ணம் காப்புச் செய்யுள் பாடித் தொடங்குவது நம் மரபு. 1996 அக்டோபர் 1 அன்று வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக அரங்கேறிய பிஎன்ஜியும் காப்போடுதான் தொடங்குகிறது. 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்பது அக்காப்பு. இதற்கு உரை வருமாறு: எட்டாம் பிட்டை உதிர்த்துவிடும் பழைய தகவல் வழிகளில் கோப்பு அகப்பட்டிருந்தால் 137 காட்டிக்கொடுக்கும், 80, 78, 71 ஆகியவை அவ்வகையின் பெயரிலுள்ள மூன்று ஆங்கில எழுத்துகள், வரிமுடிவுக் குறிகளைத் தம் இஷ்டத்துக்குத் திருத்தும் மென்பொருள்கள் கைவைத்திருந்தால் 13ம் 10ம் குட்டை வெளிப்படுத்தும், பழைய டாஸ் கணினியில் படத்தை எழுத்தாக விரித்துப் பார்க்கும் அப்பாவிகளின் திரையில் குப்பை கொட்டாமல் 26 தடுத்து நிறுத்தும். நமக்குத் தெரிந்த காப்புச் செய்யுள்களுள் இத்துணை உத்தியோகம் பார்ப்பது வேறொன்றும் இல்லை.

பிஎன்ஜியின் மெய்யான பெருமை அதன் நான்காம் அளவிலே இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அளவுகளோடு, புள்ளி எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு ஆல்ஃபா என்று நான்காவதாக ஓர் அளவை வைக்கும் யோசனை, 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்னும் இருவருக்கு உதித்தது. பூஜ்யமானால் முற்றும் இன்மை. 255 ஆனால் முற்றும் உண்மை. இடையே 254 படிகள். செயற்குழு உறுப்பினர் அனைவரையும் தக்க படியில் அமர்த்த இது தாராளமாகப் போதும். ஓரத்துப் புள்ளி இனி வெள்ளையோடு கலக்க வேண்டியதில்லை. பாதி இருந்துகொண்டு, எந்தப் பக்கத்தின்மேல் வைக்கிறார்களோ அந்தப் பக்கத்தின் நிறத்தோடு அங்கேயே கலந்துகொள்ளும். களிம்பு நீங்கிற்று.

1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும், ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை அடுக்கும் முறைகள் இவை என்று வகுத்துத் தந்தனர். அம்முறைகள் பன்னிரண்டு. வாசகர்கள் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆல்ஃபா கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்து. அகரம் நம் நெடுங்கணக்கின் முதலெழுத்து. முறைகள் பன்னிரண்டு, உயிரெழுத்துகள் பன்னிரண்டு, திருமுறைகள் பன்னிரண்டு, ஆழ்வார்கள் பன்னிருவர். ஆகவே பிஎன்ஜி குமரிக்கண்டத்தில் தோன்றியது என்பது வெள்ளிடைமலை. இந்த முடிவுக்கு வந்துசேர நமக்கு ஒரு பத்தி போதுமாயிற்று. இதே பாதையில் இதே வாகனத்தில் பிரயாணம் செய்யும் மூத்த ஆய்வாளர்கள் இருநூறு பக்கம் எடுத்துக்கொள்வது, வழியில் இறங்கி ஒருவருக்கொருவர் அணிந்துரை எழுதிக்கொள்வதால்.

2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்புக்கு ஆல்ஃபாவின் படிகள் புரியவில்லை; ஊடுருவ வேண்டிய இடத்திலெல்லாம் சாம்பல் பூசிய பெட்டியைக் காட்டிற்று. 2006இல் ஏழாம் பதிப்பு வந்துதான் குறை தீர்ந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷத்தை, களப்பிரர் காலத்தைச் செய்ததுபோல, இருண்ட காலம் என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டிய சிரமம் இல்லை. எழுதிவிட்டோம்.

சதுரக் கட்டவியல்

இனி இந்நூலின் உயிர்நிலைக்கு வருகிறோம். இன்மையைக் கண்ணுக்குக் காட்டுவது எங்ஙனம்? வெள்ளையால் காட்டினால் வெள்ளை என்பர்; கறுப்பால் காட்டினால் கறுப்பு என்பர். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக, படம் திருத்தும் மென்பொருள்கள், வெள்ளையும் வெளிர்சாம்பலும் மாறி மாறி வரும் சிறு சதுரங்களின் கட்டத்தை, இங்கே ஒன்றுமில்லை என்பதற்கு அடையாளமாக வைத்துக்கொண்டன. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது வெற்றிடம். அதன்முன் பொன் வில்வமாலை தொங்கும். அங்கே வில்வமாலை செய்யும் கைங்கரியத்தை இங்கே சதுரக் கட்டம் செய்கிறது. ஆயினும் பேதம் ஒன்று உண்டு: தீட்சிதர்கள் திரையை விலக்கும்போது, வில்வமாலைதான் ரகசியம் என்று எண்ணி அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனவர் எவரும் இலர்.

கட்டத்தை எடுத்துப்போகிறவர்கள் நிரம்ப உண்டு. பின்புலமில்லாத முருகன் வேண்டுமென்று இணையத்தில் தேடுவோர்க்குச் சில தளங்கள் முதலில் ஒரு முன்னோட்டத்தைக் காட்டும். அது கட்டத்தையும் முருகனையும் சேர்த்தே தீட்டிய சாதாரணப் படம். அதை அமுக்கிச் சேமித்துக்கொள்கிறவர், தாம் இன்மையைச் சேமித்துவிட்டதாக நம்பி, இன்மையின் உருவப்படத்தைச் சேமித்துக்கொள்கிறார். பிறகு அது பேனர் கடைக்குப் போகிறது. ஜாலான் தெங்கு கிளானாவை அடுத்த சந்தில், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னே, மைத் தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சீறிக்கொண்டு ஓடும் இயந்திரமும், அறுத்த பேனர்த் துண்டுகள் காலில் இடறும் தரையும், மேசைமேல் ஆறிப்போன தே தாரிக்கும் உள்ள கடைகளில், தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நடக்கும் சம்வாதம் ஏறக்குறைய இவ்வாறு அமையும்:

“அண்ணே, இது பேக்கிரவுண்டு இல்லாத முருகன். பிஎன்ஜிதான். அப்படியே போட்டுடுங்க.”

“கட்டம் தெரியுதே தம்பி.”

“அது ஸ்கிரீன்ல மட்டும் தெரியும்ணே. பிரிண்ட்ல வராது.”

“வரும் தம்பி.”

“வராதுண்ணே. கூகுள்லயே அப்படித்தான் இருக்கு.”

வந்தது. கிரீடத்தின் இடுக்கிலும், வேலுக்கும் தோளுக்கும் நடுவிலும், மயில்தோகையின் விளிம்பைச் சுற்றியும், சதுரங்கப் பலகைமேல் இறங்கி வந்து ஆட்டத்துக்கு நிற்பவர்போல எம்பெருமான் காட்சி கொடுத்தார். பேனர் பத்தடி, ஆகவே ஒவ்வொரு சதுரமும் உள்ளங்கை அகலம்.

இந்நிகழ்ச்சியின் தத்துவம் குறித்து மூன்று மதங்கள் நிலவுகின்றன. கட்டம் மெய்யாகவே உள்ளது, ஆகையால் அச்சில் வரும் என்பது சத்வாதிகளின் மதம் (கிள்ளான் அச்சகத்தார் ஒருவர், நேர்ப்பேச்சு). கட்டம் திரையின் மாயை, அச்சில் விலகிவிடும் என்பது மாயாவாதிகளின் மதம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு குடும்ப வாட்சப் குழுவில் பெரிய மாமா அனுப்பிய குரல்பதிவு (பதிவின் பிற்பாதி, இரண்டாம் குக்கர் விசிலுக்குப் பின், மாமி குறுக்கிடுவதற்கு முன், மாமி குறுக்கிட்ட பின் என்பது பாடபேதம், அச்சொற்களே மாமியுடையவை என்று கொள்வாரும் உளர்). கட்டம் வந்தது வந்ததுதான், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, டிசைன் என்று சொல்லிவிடலாம் என்பது மூன்றாவதாகிய சமரசவாதிகளின் மதம். இதற்குரிய மூலச்சான்று ஒரு தண்ணீர்ப் பந்தலின் துணிச் சாசனம் (வடமுகம், மூன்றாம் வரி, காற்றுப் போக இட்ட பிறைத்துளையால் இரண்டெழுத்துச் சிதைவு, கயிறு கட்டிய மூலையில் உபயதாரர் பெயர் மறைவு, இடப்புறத்து மகாகனம் ஒருவரின் முகத்தைச் சுற்றி வெண்விளிம்பு உண்மையால் ஜிஃப் காலத்துப் படம் மறுபயன் கண்டதாக ஊகிக்கலாம், சாசனம் அடுத்த வருஷம் ஓர் ஒட்டுக்கடையின் கூரையாகக் கவிழ்த்துப் போடப்பட்ட நிலையில், அடிப்புறத்திலிருந்து, கடலை வடைக்குக் காத்திருந்தபோது படியெடுக்கப்பட்டது, எண்ணெய்ப் புகை படிந்த பகுதிகளை அடுத்த பதிப்பில் தருவோம்).

மூன்று மதங்களையும் காண்டல், கருதல், உரை என்னும் பிரமாணங்களால் பரிசோதிக்கலாம். காண்டல் அளவையில் உண்மைப் படமும் போலிப் படமும் ஒன்றாகவே தெரியும், அதுதான் தொல்லை. உரை அளவை, அதாவது கொண்டுவந்தவரின் வாக்குமூலம், ஒருபோதும் செல்லாது. கருதல் அளவையே கதி: படத்தை மஞ்சளோ பச்சையோ பூசிய தளத்தின்மேல் தூக்கி வைக்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால் மெய். கட்டம் தெரிந்தால் பொய். சிலர் போலியைக் கண்டுபிடித்த பின்னரும் மனந்தளராமல், கோப்பின் பெயரில் ஜேபிஜி என்ற வாலை அழித்துப் பிஎன்ஜி என்று எழுதிவிட்டு, மாற்றியாயிற்று என்று மறுபடி கொண்டுவருவர். வாலை மாற்றியதால் உள்ளே ஒரு புள்ளியும் மாறுவதில்லை. பெயரின் முன்னால் முனைவர் என்று சேர்த்துக்கொண்டால் உள்ளே என்னென்ன மாறுகிறது என்பதைத் தனியே ஆராய்ந்து, அதற்காக ஒரு பட்டம் பெறலாம் என்றிருக்கிறோம்.

இம்மயக்கம் மானிடரோடு நின்றபாடில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் வரையும் இயந்திரங்களிடம் பின்புலம் இல்லாமல் ஒரு தாமரை வரைந்து தா என்று கேட்டால், அவற்றுள் சில, தாமரையைச் சுற்றிச் சாம்பல் சதுரங்களை ஒவ்வொன்றாக, சிரத்தையோடு, சில இடங்களில் கோணலாக, கையாலே தீட்டித் தருகின்றன. உலகத்தின் படங்களையெல்லாம் கற்றுத் தேர்ந்த இயந்திரம், இன்மை என்றால் கட்டம் போலும் என்று தானாகவே முடிவுகட்டியிருக்கிறது. ஆசிரியர் சொன்ன பிழையைப் பாடமென்றே மனப்பாடம் செய்து, அதற்குக் கோணலாக ஓர் உரையும் எழுதிச் சேர்க்கும் பயிற்சி, மனிதர்க்கு மட்டும் உரியது என்று இதுவரை இறுமாந்திருந்தோம்.

ஏனைய வகைகள்

2010இல் கூகுள் வெளியிட்ட வெப்பி, சற்றுப் பிந்தி ஊடுருவலும் கைவரப்பெற்று, 2020இல் ஆப்பிளின் சஃபாரியும் ஏற்றுக்கொண்ட பிற்பாடு எல்லா முக்கிய உலாவிகளிலும் நடமாடுகிறது. அதே தோற்றத்தைப் பெரும்பாலும் பிஎன்ஜியைவிடச் சிறிய கோப்பில் தருவது அதன் சாமர்த்தியம். இதை எவரும் அறியார் என்று எண்ண வேண்டாம். வாட்சப்பில் உலாவும் ஸ்டிக்கர் ஒவ்வொன்றும் 512க்கு 512 புள்ளி அளவுள்ள வெப்பிப் படம். அசையாத ஸ்டிக்கராயின் 100 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று விதியும் உண்டு. விடியற்காலையில் எழுந்ததும், தாமரைமேல் காலை வணக்கம் எழுதிய ஸ்டிக்கரைச் செந்தூல் முதல் கிள்ளான் வரை எல்லாக் குழுக்களிலும் தூவிவிடும் பெரியம்மாக்களே, இப்பள்ளத்தாக்கில் ஊடுருவு படங்களின் தலைசிறந்த பிரசாரகர்கள். நுட்பம் தெரிந்த இளைஞர்கள் வெப்பியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று தர்க்கித்து முடிப்பதற்குள் அவர்கள் அந்நாளைய விநியோகத்தை முடித்து, பசியாறப் போய்விடுகிறார்கள்.

ஏவிஐஎஃப் 2019இல் வந்தது, இன்னும் சுருக்கும், இன்னும் மெதுவாகச் சுருக்கும். ஜேபெக் எக்ஸ்எல் 2022இல் சர்வதேசத் தரமாயிற்று. அதே வருஷத்தில் அதைக் கைவிடப்போவதாகக் குரோம் உலாவி அறிவித்தது. அதன் ஆதரவாளர்கள் எழுதிய கண்டனங்களைப் படித்தவர்கள் புதுக்கவிதைச் சண்டைகளை மறந்துவிடுவர்.

2001இல் தரமாகிய எஸ்விஜி புள்ளிகளால் ஆனதே அன்று. இங்கே தொடங்கி, இப்படி வளைந்து, அங்கே முடி என்னும் கட்டளைகளால் ஆனது. ஆகவே வரையப்படாத இடம் தானாகவே இன்மை. தனியே நீக்க வேண்டியதில்லை. பெயர் அட்டையின் மூலையிலிருக்கும் சின்னத்தை, 2006 ஜனவரியில் பத்துமலையில் திறக்கப்பட்ட 140 அடி முருகனின் உயரத்துக்கு இழுத்தாலும் ஓரம் பிசிறாது. தமிழுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: எழுத்தை எழுத்தாகவே விட்டு அனுப்பினால், போகுமிடத்தில் அந்த எழுத்துரு இல்லையாயின் வேறு முகத்தோடு எழுந்து நிற்கும், அனுப்புமுன் எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். புகைப்படத்தை எஸ்விஜி ஆக்கித் தரச் சொல்லும் வாடிக்கையாளரிடம் அச்சகத்தார் சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

ஒழிபியல்

ஒத்திவைத்த விடை வருமாறு. கோடும் எழுத்துமாகிய சின்னமானால் எஸ்விஜி. நிழலும் மங்கலும் உள்ள படமானால் பிஎன்ஜி. புகைப்படத்திலிருந்து வெட்டியெடுத்த பெரிய உருவமாய் இருந்து பக்கமும் விரைவாகத் திறக்க வேண்டுமாயின் வெப்பி என்று மூன்றாவது வரியும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காவிட்டாலும் குடி முழுகாது.

வகையைவிட அனுப்பும் வழியே முக்கியம் என்பதை நூலாசிரியர்கள் எவரும் சொல்லக் காணோம். செம்மையான பிஎன்ஜியை வாட்சப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது வழியிலேயே ஜேபெக்காகி, இன்மை இருந்த இடத்தில் கறுப்போ வெள்ளையோ நிரம்பிப் போய்ச் சேரும். ஆவணமாக அனுப்பினால் அனுப்பியபடியே போகும். இரண்டு பொத்தான்களும் ஒரே பட்டியலில் அருகருகே இருக்கின்றன. நாம் மேலே எழுதிய அத்தனை இயல்களின் பயனும் அவற்றுள் எதை விரல் தொடுகிறது என்பதைப் பொறுத்தது.

பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. நடைபாதையில் பதித்த மேட்டு ஓடுகளை வெண்கோலால் தடவிக்கொண்டு அங்கே போய்வருகிறவர்கள் இணையப் பக்கங்களையும் படிக்கிறார்கள், திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளால். படத்தோடு ஒரு வரி விவரம் எழுதியிருந்தால் அம்மென்பொருள் அதை வாசிக்கும். எழுதாவிட்டால் பல சமயங்களில் கோப்பின் பெயரையே எழுத்தும் எண்ணுமாக ஒப்பிக்கும். ஓரத்துப் புள்ளியின் 254 படிகளுக்காக இராத்தூக்கம் கெடும் வல்லுநர்கள் அந்த ஒரு வரியை எழுத மறந்துவிடுவது பரிகாசத்துக்குரிய விஷயம் அன்று. ஆகையால் இதைப் பரிகசிக்காமல் மேலே செல்கிறோம்.

எஞ்சியிருப்போர் ஒரே ஒரு வகையினர். பின்புலமற்ற பிஎன்ஜியைக் கைப்பேசியில் திறந்து, அதைத் திரைப்பிடிப்பு எடுத்து, மேலே மணியும், பேட்டரி எட்டு விழுக்காடு என்ற எச்சரிக்கையும், கீழே மாமா எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற அறிவிப்பும் தெரிய, அதையே லோகோ என்று அச்சகத்துக்கு அனுப்புகிறவர்கள். இவர்களை எந்த இயலில் அடக்குவது என்று நெடுநாள் முயன்றும் முடியவில்லை. இது பிஎன்ஜி அன்று என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் வழியில்லை. பிஎன்ஜிதான் என்று அவர்கள் சாதிக்கிறார்கள், பல கைப்பேசிகள் திரைப்பிடிப்பைப் பிஎன்ஜியாகவே சேமித்து வைப்பதால் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறது.